ஒன்பது அங்குலம்

நூல் ஒன்பது அங்குலம் வந்தது.

கோமளா நம்பவில்லை. நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, மறுபடியும் கிணத்துக்கடவு பஸ் ரோட்டிலிருந்து தொடங்கினாள். வண்டித்தடம் வளைகிற இடத்திலெல்லாம் நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரங்கநாயக்கன்வலசு வரைக்கும் நூலை ஓட்டினாள். எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள்.

ஒன்பதேதான்.

ஓர் அங்குலம் ஒரு மைல் என்று வரைபடத்தின் அடியில் அச்சடித்திருக்கிறது. பி.ஏ. பூகோளம் கடைசி வருஷம் படிக்கிறவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊருக்குத்தான் வருகிற தை மாதம் அவள் வாழ்க்கைப்படப் போகிறாள்.

“கிணத்துக்கடவுல பஸ்ஸ உட்டு எறங்குனா ரெண்டே ஃபர்லாங்கு, கால் மைலுதான், கண்ணு. கல்யாணத்துக்கப்புறமும் அங்கிருந்தே காலேஜுக்குப் போயிட்டு வந்துக்கலாம்” என்று அப்பா சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் தலையை ஆட்டினாள். பங்குனியில் பரீட்சை. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தால் பட்டம் கையில்.

அன்றைய பாடம் சின்னதுதான். ஆளுக்கொரு வரைபடம், ஆளுக்கொரு முழம் நூல். வளைந்து போகிற வழி ஏதாவது ஒன்றை அளந்து எழுத வேண்டும். மற்றப் பெண்கள் ஆற்றை அளந்தார்கள். கோமளாவுக்கு மட்டும் மாப்பிள்ளை ஊரை எட்டிப் பார்க்கும் ஆசை வந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா என்ன.

வரைபடம் பழசு, நாற்பது வருஷத்துக்கு முன்னால் அளந்தது. அதற்குள் புது ரோடு வந்திருக்கலாம் என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. ரோடு வரும், சரி. ஊர் எழுந்து நடந்து கிணத்துக்கடவுக்கு வந்து உட்காருமா?

ஒன்பது மைல் மாட்டு வண்டியில் வந்து, பஸ் பிடித்து, கோயமுத்தூர் வந்து சேர்வதற்குள் காலேஜில் கடைசி மணி அடித்துவிடும்.

எல்லாம் தரகர் ஐயாசாமியின் வேலை என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அந்த மனுஷர் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல், அவிநாசி கோயிலில் வைத்தே தட்டு மாற்ற வைத்தவர் ஆயிற்றே.

பாவம் அப்பா. லேத் பட்டறையே கதியென்று கிடக்கிறவருக்கு கிணத்துக்கடவுப் பக்கம் என்ன தெரியும்?

பீளமேட்டில் பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பிய மனுஷன் யார் என்றால் சுந்தரராஜுலு என்று நாலு பேர் சொல்வார்கள். அதைக் கேட்டு அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். மெட்ராஸுக்குப் போய் எம்.ஏ. படிக்கிறேன் என்று போன ஆனியில் அவள் சொன்னபோதுகூட, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சரி கண்ணு என்றுதான் சொன்னார். வேண்டாம் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

அப்படிப்பட்டவரிடம் இதை எப்படிச் சொல்வது? பட்டென்று சொன்னால் இடிந்து போவார். சாயங்காலம் அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

நூலைச் சுருட்டும்போதுதான் அந்தத் துளைகள் கண்ணில் பட்டன.

வண்டித்தடத்தின் மேல் வரிசையாக, ஊசி குத்தினாற்போல் இருந்தன. யாரோ இதே வழியை அளந்து, மைலுக்கு ஒரு குத்தாக டிவைடர் முள்ளால் அடையாளம் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் முள் படக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம்.

நூல்களைத் திரும்ப வாங்க வந்த அட்டெண்டர் மைதீன் பிச்சை, அவள் விரல் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அசடு வழியச் சிரித்தார்.

“மிஸ்ஸுகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி, நாந்தான் குத்திப்போட்டேன். ஆவணியில உங்கப்பாரு வந்து மூணு ஊரு பேரச் சொல்லி, பஸ் ரோட்டுல இருந்து ஒவ்வொண்ணும் எத்தன மைலுன்னு அளந்து கேட்டுக்கிட்டாருங்க. இப்படி அளந்து பாத்துப் புள்ளையக் கட்டிக் குடுக்கற தகப்பன நான் கண்டதில்லீங்க.”

பாராட்டாகத்தான் சொன்னார். நூலை வாங்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

ஒன்பது மைல் என்று தெரிந்துகொண்டுதான் அப்பா ரெண்டு ஃபர்லாங்கு என்றிருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான். அதுவும் அவள் படிக்கிற அறைக்கே வந்து, அவள் படிக்கிற வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு.

பிறகுதான் மற்ற இரண்டு ஊர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பஸ் ரோட்டிலிருந்து வேறு இரண்டு தடங்களிலும் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. ஒன்று ஆவாரங்காட்டுப்புதூருக்குப் போனது, இன்னொன்று தாசநாயக்கனூருக்கு. இரண்டும் அந்த ஆவணியில் அவளுக்கு வரன் வந்த ஊர்கள். இரண்டையும் அப்பாதான் தட்டிக் கழித்தார்.

பையன் குட்டை என்று அவர் தள்ளிய ஊருக்கு ஒரு துளை இருந்தது.

ஜாதகம் சேரவில்லை என்று தள்ளிய ஊருக்கு இரண்டு.

அப்பா சரி என்று சொன்ன ஊருக்கு ஒன்பது.