குளத்துக் கோர்ட்டும் காட்டுக் கோர்ட்டும்

சிங்கத்தை விரட்டிவிட்டுக் காடு குடியரசாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குளத்துக்குத் தனியாக ஒரு கோர்ட், மொத்தக் காட்டுக்கும் பொதுவாக ஒரு கோர்ட் என்று வைத்திருந்தார்கள். ஒருநாள் கரையோரம் தவளையின் பின்னங்காலைப் பாம்பு கவ்விவிட்டது. தவளை போட்ட கூச்சலில் இரண்டு நீதிபதிகளும் வந்து சேர்ந்தார்கள்.

“அவனை விடு,” என்று உத்தரவிட்டது குளத்து நீதிபதி ஆமை.

“அந்த உத்தரவுக்குத் தடை,” என்றது காட்டு நீதிபதி ஆந்தை. “பாம்பின் வால் காட்டில் கிடக்கிறது. இது என் வழக்கு.”

“தவளையின் தலை குளத்தில் இருக்கிறது. உங்கள் தடைக்கு நான் தடை விதிக்கிறேன்,” என்றது ஆமை.

“ஐயா, இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டேன்,” என்றது தவளை.

“கோர்ட் பேசும்போது குறுக்கே பேசாதே,” என்று இருவரும் அதட்டினார்கள். வாய் நிறைய இருந்ததால் பாம்பு பேசவே இல்லை. அதன் அடக்கத்தை ஆந்தை மெச்சியது.

பொழுது சாயும்போது திரும்பிப் பார்த்தால் தவளையைக் காணோம். மனு கொடுத்தவர் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி என்று இருவரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்.

பாம்புக்கு அப்போதுதான் வாய் ஒழிந்தது. “ரெண்டு கோர்ட்டும் இப்படியே நல்லா இருக்கணும், எஜமான்,” என்றது.