நாலு பேர், நாலு அரிவாள்

எண்பதாம் வருஷம், தேர்தல் நேரம். கட்சிக்கொடி கட்ட வேப்பமரத்தில் ஏறிய மாயகிருஷ்ணன் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். கண் முழித்தபோது, தலையில் பதினோரு தையலோடு கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

முதல் ஆளாகப் பார்க்க வந்தவர் ஒன்றியச் செயலாளர் சண்முகராஜ். கூடவே கட்சிப் பத்திரிகையின் நிருபர்.

"யாரு வெட்டுனது?" என்றார் நிருபர், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.

"யாரும் வெட்டலைங்க. மரத்துலருந்து விழுந்துட்டேன்."

சண்முகராஜ் அவர் கையை ஆறுதலாக அமுக்கினார். "தலையில அடிபட்டவன் அப்படித்தான் சொல்லுவான். நீங்க எழுதுங்க."

மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்து. 'கொலைவெறித் தாக்குதல்! தொண்டர் உயிர் ஊசல்! ரத்தத்துக்குப் பதில் உண்டு!' எதிர்க்கட்சிப் பேப்பர் மட்டும் சும்மா இருக்குமா? 'கோஷ்டிச் சண்டையில் மண்டை உடைந்தது' என்று அது போட்டது.

உயிர் ஊசலாடியவர் அப்போது நாலாவது இட்லியில் இருந்தார்.

முதலில் அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பூமாலை வந்தது, ஆப்பிள் வந்தது, மாவட்டத் தலைவரே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பருத்திக்காட்டில் இத்தனை வருஷம் குனிந்து நிமிர்ந்தவரை யாரும் அப்படித் தொட்டதில்லை. வெட்ட எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒருத்தர் கேட்க, ரெண்டு பேர் என்று வாயில் வந்துவிட்டது. மூன்றாம் நாளுக்குள் அது நாலு பேராகி, ஆளுக்கொரு அரிவாளும் பிடித்திருந்தது. சொல்லச் சொல்ல, அரிவாள் மின்னுவது அவர் கண்ணுக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்துக் கட்டிலில் ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். இரண்டு கையும் ஒடிந்திருந்தது. பார்த்தால், சொந்த ஊர்க்காரர் வேல்சாமி. எதிர்க்கட்சி. 'பதில்' கொடுக்கப் போனவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

மாயகிருஷ்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வேல்சாமியின் சம்சாரம் பாலம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஊருல அத்தன பேரு இருக்க, இவரப் போயி எதுக்கும்மா அடிச்சாவ?"

பாலம்மாள் ஏசவில்லை, அழவும் இல்லை. புருஷன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபடியே சொன்னாள்.

"அன்னைக்கு இவிய சட்டையெல்லாம் ரத்தமா இருந்துச்சாம், அதான் வெட்டுனதுக்குச் சாட்சின்னுட்டாவ. மயங்கிக் கெடந்த ஒங்களத் தோளுல தூக்கிட்டுப் போயி, பஸ் ஏத்தி இங்கன கொண்டாந்து சேத்தா, சட்டையில வேற என்ன இருக்கும் அண்ணாச்சி?"