இடம் போதவில்லை

“உங்க தங்கச்சி பசங்க எங்க, ரூபென்? அந்த மூலை காலியாக் கிடக்குது பாருங்க!”

தலைமை ஆசிரியை ஒஃபீலியா ஷூ கவுண்ட்டருக்குப் பின்னாலிருந்து கத்தினார். பந்து உருட்டி ஆட வந்தவர்களுக்கு ஒரு காலத்தில் ஷூ வாடகைக்குத் தந்த அந்தக் கவுண்ட்டர்தான் இப்போது அவருடைய அலுவலகம். அமெரிக்காவின் டூசான் நகரத்து அந்தச் சார்ட்டர் பள்ளி, மூடிப்போன ஒரு பவுலிங் அரங்கில் நடந்தது. சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் அரசு பணம் தரும்; கட்டடம் மட்டும் அவரவர் பாடு. வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது, அலமாரிகள்தான். மூன்றாம் வகுப்பில் விழுந்த பென்சில், வழுவழு தரையில் ஐந்தாம் வகுப்புவரை உருண்டு போகும்.

இன்று பத்து மணிக்கு மாநிலக் கட்டட நிதிக் குழு வருகிறது. இங்கே இடம் போதவில்லை என்று அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் புதுக் கட்டடத்துக்குப் பணம் கிடைத்துவிடும். இல்லையென்றால் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பே கிடையாது. பெற்றோர் சங்கத் தலைவர் ரூபெனின் மகள் இப்போது ஐந்தாவது.

“வந்துட்டாங்க டீச்சர். அதோ, ஒரே நாற்காலியில ரெண்டு பேரா உக்காந்து இடிச்சிக்கிறாங்களே, அவங்கதான். ஆனா ஒண்ணு... தினமும் வர்ற பிள்ளைங்களக் காட்டினாலே போதாதா? நெருக்கடி நெஜமாவே இருக்குதே.”

“இருக்குது. பாத்தவுடனே தெரியணுமே! போன வருஷம் வந்தவங்க ‘சமாளிக்கலாம்’னு எழுதிட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவ அவங்களுக்கே மூச்சு முட்டணும்!”

முட்டத்தான் செய்தது. ஆளுக்கொரு பரிட்டோ ரொட்டிச் சுருள் என்று ஆசை காட்டியதில் அத்தை பிள்ளை, சித்தி பிள்ளை, எதிர்வீட்டுப் பிள்ளை என்று தெருவே திரண்டு வந்திருந்தது. யாரோ ஒரு கைக்குழந்தையைக்கூட ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் கார் நிறுத்த இடமில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். ஜனவரிக் குளிருக்குப் போட்டு வந்த கோட்டுகள், சுவரில் எது நீட்டிக்கொண்டிருந்ததோ அதிலெல்லாம் தொங்கின.

ஒன்பதரைக்கே கதவு திறந்தது. நெடுநெடுவென்று ஒருவர் நின்றார்.

“கட்டடத்தப் பாக்கணும்.”

“அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கோம்! வாங்க சார், வாங்க!” அவர் பெயரைச் சொல்லக்கூட ஒஃபீலியா விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அவர் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தார். தலைக்கொரு தடவை ‘டிக்’ என்று அழுத்தினார்.

“எண்ணுறாரு, ரூபென்! எண்ணுறாரு!” ஒஃபீலியா குதிக்காத குறை.

“தினமும் இவ்வளவு பேராம்மா?”

“தினமும் சார்! சில நாள் இதவிட ஜாஸ்தி!”

ரூபென் கூரையைப் பார்த்தார்.

“பின்கதவுக்கு முன்னாலயுமா வகுப்பு?”

“வேற எங்க சார் போவோம்? சொல்லுங்க!”

அவர் தலையை ஆட்டினார். “இப்படி ஒரு இடத்துல பிள்ளைங்க இருக்கவே கூடாது.”

“அய்யோ, அதத்தான் சார் நானும் ஆறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்!” ஒஃபீலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரூபெனின் கையைப் பிடித்து நசுக்கினார். “ஜெயிச்சிட்டோம்!” என்று காதில் கிசுகிசுத்தார். ரூபெனுக்கும் அந்தச் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. மகளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

“அப்ப எழுதிடுங்க சார்!”

“எழுதித்தான் ஆகணும்.”

அவர் வாசல் பக்கச் சுவரில் தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கினார். அடியில், பவுலிங் காலத்து இரும்புப் பலகை ஒன்று துருப்பிடித்துத் தொங்கியது. ‘இந்த அரங்கில் நூற்றிருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது.’

“டயர் கடைக்காரர் போன் பண்ணினாரும்மா. நான் தீயணைப்புத் துறை. எல்லாரும் உடனே பின்பக்கத் திடலுக்குப் போகணும். நான் சொல்றவரைக்கும் ஒரு பிள்ளைகூட உள்ள வரக் கூடாது.”

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ‘ஹோ’வென்று கத்திக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினார்கள். ஆசிரியைகளும் ரூபெனும் அவர்கள் பின்னால் ஓட, அந்த மனிதர் மறுபடியும் எண்ணிக்கொண்டே போனார். நடு அரங்கில் ஒஃபீலியா மட்டும் நின்றார். எங்கிருந்தோ ஒரு பென்சில் தடையே இல்லாமல் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது.

அப்போது முன்கதவு திறந்தது. நிதிக் குழுத் தலைவி அரங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அடேயப்பா, எவ்வளவு விசாலமா இருக்குது! உங்களுக்கு எதுக்கும்மா இன்னொரு கட்டடம்?”