பூஜையறைக் கதவு

மாமியார் ஆசையாக வாங்கிப் பொருத்திய பூஜையறைக் கதவுக்கு மூக்கு உண்டு. முந்தின நாள் கணவனோடு கூடியவள் குளித்து வந்தாலும் திறக்காது. காரணத்தையும் வீடே கேட்கும்படி சொல்லிவிடும். அதற்குக் கூசியே, தினமும் விளக்கேற்றுகிற குமுதவல்லி மூன்று வருடமாகக் கணவன் சேந்தனைத் தள்ளியே வைத்திருந்தாள். நேற்று முடியவில்லை. அவளுக்கும் ஆசைதானே.

காலையில் மனமும் உடம்பும் நிறைந்து எழுந்தாள். குளித்துவிட்டு, பயந்துகொண்டே கதவின் முன் நின்றாள். அது சத்தமில்லாமல் திறந்தது.

"கதவு ரிப்பேரா அத்தை?" என்று மெல்லக் கேட்டாள்.

மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "அடிப்பாவி! அந்தக் கட்டுப்பாட்டைக் கதவு வாங்கின மாசமே எடுத்தாச்சே! நீ சந்தோஷமா இருந்தா சாமிக்கு என்ன வந்துச்சு?"

மூன்று வருடம்! குமுதவல்லி அழுகையும் சிரிப்புமாக விளக்கேற்றினாள். ஆசைப்பட்டதற்காகத் தினமும் மன்னிப்புக் கேட்கிறவள், அன்று நன்றி மட்டும் சொன்னாள்.