பத்து மணித் தேநீர்

"எந்தக் கடன்காரன் பாத்த வேலைடா இது!"

மிசுஹோ போட்ட சத்தத்தில் கூரை முகட்டில் உட்கார்ந்திருந்த காகம் எழுந்து பறந்தது.

இரண்டாவது நாளாகச் சுரண்டியும் தீரவில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு விடாமல் சிலிக்கான் பசை. முகட்டில் ஆரம்பித்து வரிசை வரிசையாக, கேக்குக்குக் கிரீம் வைத்த மாதிரி பூசியிருந்தது. சுரண்டியால் நெம்பி ஓர் ஓட்டைக் கிளப்பினாள். அடியில் இருந்த மரச்சட்டம் நனைந்த ரொட்டியாகப் பிய்ந்து கையோடு வந்தது.

"அண்ணி, மெதுவா. கீழ வீட்டுக்காரப் பெரியவர் காதுல விழப்போகுது" என்றான் கொழுந்தன் தோகுரோ.

"விழட்டுமே. விழணும்னுதான் கத்துறேன்."

இருபது வருடமாக ஓடு வேய்கிறவள் அவள். ஓட்டுக்கூரை மூச்சு விட வேண்டும். கடற்காற்றோடு சாய்ந்தடிக்கிற மழை கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். போன தண்ணீர் ஓட்டுக்கு அடியிலேயே சரிந்து, விளிம்பு வழியாக வெளியே வந்துவிடும். பசை பூசி அடைத்தால் அது எங்கே போகும்? வீட்டைத்தான் தின்னும்.

பார்க்கிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒழுகினால் நீலத் தார்ப்பாயைப் போட்டுக் காத்திருங்கள், நாங்கள் வருகிறோம், நீங்களாக ஏறாதீர்கள். யார் கேட்டார்கள்? இலையுதிர்காலத்தில் வந்த அந்தப் பெரும்புயலுக்குப் பிறகு ஜப்பானின் போசோ கடற்கரை முழுக்கத் தார்ப்பாய். கூரைக்காரர் கிடைக்கவில்லை. வசந்தம் வரட்டும் என்று அவளும்தான் எல்லோருக்கும் போனில் சொன்னாள். அதற்குள் பொறுமை இல்லாதவர்கள் செல்போனில் வீடியோ பார்த்து, பசைக்குழாயும் கையுமாக ஏறிவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வீடு அதைச் சுரண்டுவதே அவள் பிழைப்பு.

இந்த வீட்டுக்காரர் ஷிகெனோ வேறு ஒரு இம்சை. நேற்றுக் காலை வேலைக்கு வந்து நின்றதுமே, மற்றதையெல்லாம் பிரியுங்கள், கிழக்குப் பக்கம் அந்தக் கடைசி வரிசையை மட்டும் தொடாதீர்கள் என்றார். தண்ணீர் வெளியேறுகிற வரிசையே அதுதான். அதை அப்படியே விட்டால் புது மரம் போட்டும் பயனில்லை, அடுத்த புயலுக்கு உத்தரம் தலையில் இறங்கும். மனிதர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், மறுபடியும் அதையே சொன்னார்.

அப்புறம் அந்தத் தேநீர். எந்த வீட்டிலும் பத்து மணியானால் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "வாங்க, ஒரு வாய் தேநீர் குடிச்சிட்டுப் போங்க" என்று குரல் கொடுப்பார். இவர் தட்டை ஏந்திக்கொண்டு ஏணிக்குச் சற்றுத் தள்ளி ஊமைச்சாமி மாதிரி நிற்பார். யாராவது தற்செயலாகக் குனிந்து பார்த்தால் உண்டு. நேற்று குடித்ததில் சூடு என்ற பேச்சே இல்லை.

கிழக்கு விளிம்புக்கு இறங்கி வந்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடைசி வரிசையைப் பூசிக்கூட முடிக்கவில்லை. பாதி ஓடுகள் வெறுமையாகக் கிடந்தன. நடுவில் ஓர் ஓட்டில் பசைக்கோடு ஒழுங்காகத் தொடங்கி, சட்டென்று திரும்பி, ஓட்டின் குறுக்கே இழுபட்டு, விளிம்போடு போய்விட்டிருந்தது.

செய்ததே தப்பு. அதையும் அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

குனிந்தாள். கீழே ஷிகெனோ தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

கயிற்றைக் கழற்றிவிட்டு, தடதடவென்று ஏணியில் இறங்கினாள்.

"யாருங்க இத பூசினது?"

"பையன்."

"நல்லா வளத்தீங்க பையன! வீட்டையே அழுக வச்சிட்டு, கடைசி வரிசைய முடிக்காமப் பாதியில ஓடிட்டானே. வரச் சொல்லுங்க அவன. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேக்கணும்."

ஷிகெனோ தட்டைப் பார்த்தார். மூன்று கிண்ணம், ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. ஆவி எப்போதோ அடங்கியிருந்தது.

"அவன் ஓடலம்மா. பின்பக்கமா இறங்கிக்கிட்டே பூசினான். பத்து மணி. தேநீர் ஆறிடுமேன்னு நான் இங்க நின்னு கூப்பிட்டேன்." ஒரு கிண்ணத்தை நேராக்கி வைத்தார். "பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிட்டான். இடுப்புல கயிறு இல்ல."

அவர் காலடியில் சரளைக்கற்கள். ஏணியிலிருந்து அவர் ஏன் எப்போதும் தள்ளியே நிற்கிறார், எந்த இடத்தை மிதிக்காமல் நிற்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

கோபம் போகவில்லை. யார் தலையில் அதைக் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. வசந்தம் வரட்டும் என்று சொன்ன தன் குரலே அவள் காதில் கேட்டது.

ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

மேலே தோகுரோ விளிம்புக்கு முதுகைக் காட்டிக் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் கயிறு இருந்தது. அவனைக் கூப்பிட வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

ஏணிக்குத் தள்ளிப் பெரியவர் பக்கத்திலேயே போய் நின்றாள். அவனாகக் குனிந்து பார்க்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.