முதல் மீன் வரைக்கும்

“மணிக்கட்டை மடக்காதீங்க சார்! கதவைத் தட்டுற மாதிரியா வீசுவாங்க?”

கரையில் நின்று பஸ் டிரைவர் கத்தினார். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த பல்செட்காரர் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் மணிக்கட்டை மடக்கியே வீசினார். தலைக்கு மேல் சுழன்ற கயிறு அவர் தொப்பி மேலேயே வந்து விழுந்தது.

பல்செட்காரர் என்பது ஆற்றங்கரையில் வைத்த பெயர். பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வது அவர் வேலை. மனைவி போன பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. பின்னறைக்கு நோயாளிகள் வருவதில்லை, பல் அச்சுகள்தான் வரும். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு அத்துப்படி; ஆனால் ஒரு வாயும் அவரிடம் பேசியதில்லை. ஒருநாள் தனியாகச் சாப்பிடும்போது, “உப்பு கொஞ்சம் கம்மி, இல்ல?” என்று எதிர் நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டுவிட்டார். அவருக்கே பயமாகிவிட்டது.

“எதையாவது கத்துக்கிட்டு நாலு பேரோட பழகுங்கப்பா” என்று மகள் போனில் அரித்தெடுத்ததில்தான் இந்தப் பூச்சித் தூண்டில் சங்கத்தில் சேர்ந்தார். இதில் மண்புழு கிடையாது. கொக்கியின் மேல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலக் கட்டியிருப்பார்கள். அதைக் கயிற்றின் நுனியில் முடிந்து, முன்னும் பின்னுமாக வீசி, நிஜப் பூச்சி போலத் தண்ணீரில் இறக்க வேண்டும்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவருக்கு ஒருவரைத் துணைக்குப் போடுவார்கள். முதல் மீன் பிடிக்கும் வரைக்கும் அவர் கூடவே நிற்பார். பிடித்துவிட்டால் எல்லோரும் கைதட்டி, நூறடி தள்ளித் தனி இடம் கொடுத்துவிடுவார்கள். கயிறுகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அங்கே அப்படித்தான் தள்ளித் தள்ளி நிற்பார்கள். யாரும் யாரோடும் வாய் திறப்பதில்லை.

இதைக் கேட்ட அன்றைக்கே பல்செட்காரர் தீர்மானித்துவிட்டார், மீன் பிடிக்கக் கூடாது என்று.

பத்து ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஆறு தடவை மீன் கவ்வியது. ஆறு தடவையும் கயிற்றை மெல்லத் தளர்த்தி விட்டுவிட்டார். அவருக்குத் துணையாகப் போட்டிருந்த பஸ் டிரைவர் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. வீட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே கட்டிய பூச்சிகளைக் கொண்டுவருவார். “கொக்கி குத்திடும், நீங்க தொடாதீங்க சார்” என்று அவரே முடிந்துவிடுவார், அவரே அவிழ்த்து டப்பாவில் வைப்பார். நடுவில் டீயும் பேச்சும்.

“எட்டு மணி நேரம் என் முதுகுக்குப் பின்னாடி நாப்பது பேரு சார். ஆனா டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு தலைக்கு மேல போர்டு மாட்டி வச்சிருக்காங்க!”

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் பல்செட்காரர் அடுத்த ஞாயிறு வரை நாளை ஓட்டுவார்.

இன்று சங்கச் செயலாளர் அந்தப் பக்கமாக வந்தார்.

“என்னய்யா டிரைவர், பத்து வாரமா உன் ஆளு தண்ணியத்தான் புடிச்சிக்கிட்டிருக்காரா? உனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலன்னு அங்க எல்லாரும் சிரிக்கிறாங்க.”

டிரைவர் தலைகுனிந்து, பூச்சி டப்பாவைத் திறந்து திறந்து மூடினார்.

பல்செட்காரருக்குச் சுருக்கென்றது. தன் சுயநலத்துக்காக ஒரு நல்ல மனுஷனின் மானத்தை வாங்குவதா? போதும். இன்றைக்குப் பிடித்தே தீர வேண்டும். அடுத்த வாரம் நூறடி தள்ளி ஊமையாகத்தான் நிற்க வேண்டும். இருந்தாலும் மணிக்கட்டை விறைப்பாக வைத்துக்கொண்டு வீசினார். கயிறு அழகாக நீண்டு, பூச்சி சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கியது.

டிரைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “சார்... இப்ப என்ன அவசரம்? டீ குடிச்சிட்டு வீசலாமே.”

“இல்ல தம்பி. இன்னைக்கு விட மாட்டேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, தண்ணீர் சுழித்தது. மீன் கவ்விவிட்டது! இந்தத் தடவை அவர் தளர்த்தவில்லை. பத்து வாரமாகக் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தார். தூண்டில் கழி வில்லாக வளைந்தது, ஒரு நொடி வெள்ளை வயிறு பளிச்சென்று தெரிந்தது. அடுத்த நொடி பிடி விட்டது. பூச்சி விர்ரென்று திரும்பிப் பறந்து வந்து அவர் கழுத்தில் சுளீரென்று அடித்தது.

“சார்! தொடாதீங்க, நான் எடுக்கறேன்!” செருப்பைக்கூடக் கழற்றாமல் டிரைவர் தண்ணீருக்குள் ஓடிவந்தார்.

“எல்லாம் சரியாத்தானே தம்பி செஞ்சேன்? எப்படிப் போச்சு?”

கழுத்தில் ரத்தம் இல்லை, குத்தின வலியும் இல்லை. டிரைவர் வந்து சேர்வதற்குள் பல்செட்காரர் சட்டைக் காலரில் கிடந்த பூச்சியை எடுத்து, இறகை விலக்கிப் பார்த்தார்.

கொக்கிக்கு முனையே இல்லை. உடைந்துபோனதல்ல, ஈறில் குத்தாமலிருக்கப் பொய்ப்பல்லின் ஓரத்தை அவர் ராவுவாரே, அதே பக்குவத்தில், பொறுமையாக அரத்தால் ராவி மழுக்கப்பட்டிருந்தது.