கீழிருந்து வந்த குரல்

“காதை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா?”

வாக்கி டாக்கியில் கத்தியவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாராமோட்டார் பயிற்சியாளர். திட்டு வாங்கிக்கொண்டு மேலே வட்டமடித்தவர் ஐம்பத்திரண்டு வயதுத் தலைமையாசிரியர். முதுகில் மோட்டாரும் விசிறியும், தலைக்கு மேல் துணி இறக்கை. தனியாகப் பறப்பது இதுதான் முதல் தடவை.

மைதானத்து ஓரத்தில் நின்ற அவர் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இரண்டு தடவை இறங்க வந்தார். இரண்டு தடவையும் தரை நெருங்கியதும் பயந்து, மறுபடி மேலே ஏறிவிட்டார். இன்னும் பத்து நிமிடத்துக்குத்தான் பெட்ரோல். வெயில் ஏறினால் காற்றும் புரள ஆரம்பித்துவிடும். காற்றின் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பை இப்போதே படபடத்தது.

முதலில் அந்தப் பெண்ணும் தன்மையாகத்தான் பேசினாள். பயப்படாதீங்க சார், மெதுவா வாங்க சார் என்றாள்.

“முடியலம்மா. கை வரமாட்டேங்குது” என்று மேலிருந்து பதில் வந்தது.

அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் குரல் மாறியது.

“ஏம்மா, வயசுல பெரியவர். கொஞ்சம் மரியாதையாப் பேசக்கூடாதா?” என்றாள் மனைவி.

பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“துணிப்பை எந்தப் பக்கம் பறக்குது? காத்துக்கு எதிரே திரும்புங்க. எல்லாம் நானேதான் சொல்லணுமா?”

அவர் திரும்பினார்.

மனைவிக்கு உள்ளே எரிந்தது. அவர் ஒரு தடவை இருமினால் பள்ளிக்கூடமே அடங்கிப்போகும். அந்த மனுஷனைப் போய் இந்தப் பொடிசு இப்படியா விரட்டுவது? கீழே வரட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இன்னும் என்ன மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? சீட்டை விட்டு நழுவிக் காலைத் தொங்கப் போடுங்க. ம்... இப்ப இன்ஜினை அணைங்க.”

இரைச்சல் நின்றது. தரை அவரை நோக்கி வேகமாக வந்தது.

“கை மேலேயே இருக்கட்டும். அவசரப்பட்டு இழுத்துத் தொலைக்காதீங்க. இருங்க... இருங்க... இப்ப. ரெண்டு பிரேக் கயித்தையும் முழுசா இழுங்க.”

இழுத்தார். இறக்கை ஒரு கணம் தயங்கி அவரைத் தரையில் விட்டது. நாலு எட்டு ஓடி, முழங்காலிட்டு நின்றார்.

மனைவி மூச்சிரைக்க ஓடினாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. எழுந்து நடக்கப் போனவரைப் பிடித்து நிறுத்தினாள்.

“கயிறு காலைச் சுத்தியிருக்கு பாருங்க. எல்லாம் நானேதான் சொல்லணுமா?”

முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, பின்னால் வந்த பயிற்சியாளர் பக்கம் திரும்பினாள்.

“இப்படிப் பேச உனக்கு யார் கத்துக் கொடுத்தது?”

அந்தப் பெண் சட்டைப் பையைத் துழாவினாள்.

“மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. தனியாப் பறக்குறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் இதை எழுதி வாங்கிடுவோம்” என்று அந்தத் தாளை நீட்டினாள்.

தலைக்கவசம், கால் பட்டைகள், அவசரப் பாராசூட் எல்லாம் சரிபார்த்து வரிசையாக டிக் அடித்திருந்தது. கடைசியில் ஒரு கேள்வி: ‘மேலே பயந்து உறைந்துபோனால், உங்களிடம் எப்படிப் பேச வேண்டும்?’

பக்கத்தில், தலைமையாசிரியரின் முத்து முத்தான எழுத்தில் பதில்:

‘என் மனைவி பேசுவதுபோல. அந்தக் குரலுக்குத்தான் என் கை பழகியிருக்கிறது. மாதிரி வாக்கியங்கள் பின்பக்கம்.’